ஜாம்பிக்குப் பூப்போட்டுப் பார்த்தது

சேரப்பணஞ்சேரியில் சின்னப்பொண்ணு வீட்டு மாடியறையில் வேல்விழியும் சந்திரலேகாவும் வாடகைக்கு இருந்தார்கள். இருவருக்கும் சங்கரன்கோவில் பக்கம் ஊர். ஒரகடத்தில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கம்பெனியில் வேலை. சந்திரலேகா ஸ்டோர்ஸில் இருந்தாள். வேல்விழிக்குத் தரப் பரிசோதனை. தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகத் தள்ளிவிடுவாள்.

கீழ் வீட்டில் சின்னப்பொண்ணு, அவள் மகன் லோகேஷ், மருமகள் பூஜா. பூஜாவுக்கு ஏழாம் மாதம். பாத்ரூம் போவதைத் தவிர வேறு எதற்கும் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் போன் கம்பெனி லைனில் எட்டு மணி நேரம் நின்று பழகிய பெண் அவள். படுத்தே கிடப்பது அவளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறையாக இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் வேல்விழி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வருவாள். சந்திரலேகாவும் வர, மூவரும் சேர்ந்து படம் பார்ப்பார்கள்.

வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். பிரசவம் ஆகும்வரை பேய்ப் படம் ஓடக் கூடாது. பிள்ளைத்தாச்சி பயந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது சின்னப்பொண்ணுவின் உறுதியான எண்ணம். மூன்று ஞாயிறு காதல் படமாகப் பார்த்தார்கள். நாலாவது ஞாயிறு பூஜா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அக்கா, போதும்கா. யாராச்சும் யாரையாச்சும் கடிக்கிற மாதிரி ஒரு படம் போடுங்கக்கா."

படம் ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். பேரீச்சம்பழம் போட்ட பாலோடு சின்னப்பொண்ணு உள்ளே வந்தாள். திரையில் ஒருவன் வாயெல்லாம் ரத்தமாக ஒரு துணிக்கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தான்.

"இன்னாடி இது? பேய் படமா?"

பூஜா தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். வேல்விழிதான் வாயைத் திறந்தாள்.

"பேய் இல்லம்மா. ஜாம்பி."

"அது இன்னா ஜாம்பி?"

தம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரமாக உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினாள் சின்னப்பொண்ணு.

"கால் தரைல படுதா?"

"படுதும்மா. பாருங்க, ஷூகூட போட்டிருக்கான்."

"யாரு மேலயாச்சும் கோவம் வெச்சிக்கினு வந்துகீதா?"

"கோவமே கிடையாதும்மா. பசி மட்டுந்தான்."

"புளியமரத்துல குந்திக்குமா?"

"மரமெல்லாம் ஏறத் தெரியாதும்மா. மாடிப்படி ஏறதுக்கே திண்டாடும்."

"சாமி படத்த காட்டுனா?"

"அதையும் கடிச்சிரும்."

"இன்னா செஞ்சாதான் அடங்கும்?"

"மண்டைல ஓங்கி ஒண்ணு போட்டா விழுந்துரும்மா."

சின்னப்பொண்ணு யோசித்தாள். மண்டையில் அடித்து விழுந்த பேயை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"சரி, எதுனால இப்டி ஆவுறானுங்க?"

"கடிதாம்மா. ஒருத்தன் கடிச்சா அடுத்தவனுக்கு வந்துரும். வெறிநாய்க் கடி மாதிரி."

"அட, வியாதியா?" சின்னப்பொண்ணுவின் முகம் இளகியது. "பாவம்டி. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவலியா?"

"ஆஸ்பத்திரிலதாம்மா ஆரம்பிச்சதே."

"அதானே பாத்தேன். சரி, பாரு. பால குடிச்சிட்டு பாரு."

தலையணைக்குப் பின்னாலிருந்து பூஜாவின் முகம் சிரிப்போடு வெளியே வந்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சந்திரலேகாவால் வாயைக் கட்ட முடியவில்லை. ஜாம்பி விஷயத்தில் அவள் ரொம்பக் கறார்.

"அப்ப இது ஜாம்பிப் படமே இல்லம்மா" என்றாள். "காய்ச்சல் வந்தவன் உயிரோடதான இருக்கான்? அவன் நோயாளி. ஜாம்பின்னா செத்துட்டு எந்திக்கணும். செத்து, பொதைச்சு, மண்ணத் தள்ளிக்கிட்டு எந்திக்கணும். அதுதாம்மா ஒரிஜினல்."

வேல்விழி அவள் தொடையைக் கிள்ளினாள். பலனில்லை.

"செத்தவன் எழுந்து வருவானா?" சின்னப்பொண்ணு மெதுவாகக் கேட்டாள்.

"ஆமாம்மா."

"மூட்றி அத."

லேப்டாப்பை மூடியதும் பூஜா பாலைக் குடிக்க மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் வேல்விழி சந்திரலேகாவை விடவில்லை.

"ஏட்டி, உனக்கு வாய் சும்மாவே இருக்காதா? அந்தப் பிள்ளைக்கு வாரத்துல இருக்கறதே ரெண்டு மணி நேரம் சந்தோசம்."

"நான் என்ன பொய்யா சொன்னேன்? ஓடுததெல்லாம் ஜாம்பியா? செத்த ஒடம்பு வெறைச்சுப் போயிருக்கும்லா, அது எப்படி ஓடும்? இப்ப வருத படத்துலல்லாம் நூறு மீட்டர் ரேஸ்ல ஓடுத மாதிரி ஓடுது."

"ஓடுனா என்னட்டி? கடிக்குல்லா?"

"கடிச்சா ஜாம்பின்னா, எங்க ஊரு நாயும் ஜாம்பிதான்."

"போன வாரம் மாடில நாம மட்டும் ஒரு படம் பாத்தோமே, அதுல ஒருத்தன் பொண்டாட்டிய அடையாளம் கண்டு கடிக்காம விட்டானே, அவன்?"

"அவன் ஜாம்பியே கெடையாது. ஞாபகம் இருந்தா மனுசன்."

முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் கோதண்டராமன் கண்ணைத் திறக்காமலே, "பேயி ஒடம்பு மேல ஏறி வந்தா அது எதுல சேத்தி?" என்று கேட்டார். இருவரும் ஒரே குரலில் "அது பேய் சார்" என்றார்கள். அந்த ஒன்றில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

கம்பெனியில் எந்த உறையை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதற்குப் படிவம் உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேல்விழி அதே மாதிரி ஒன்றைத் தாளில் எழுதினாள். செத்தானா, ஆம் அல்லது இல்லை. புதைத்தார்களா, ஆம் அல்லது இல்லை. பேசுகிறானா, ஓடுகிறானா, கடித்தால் பரவுகிறதா. எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு, கடைசியில் வியாதி என்றால் பார்க்கலாம், பேய் என்றால் கூடாது என்று முடித்திருந்தாள். சாயங்காலம் அதைச் சின்னப்பொண்ணுவிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

சின்னப்பொண்ணு கண்ணாடி போட்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள்.

"எல்லாம் சரிதான். அவன் செத்துட்டான்னு யாரு பாத்து சொன்னது? கிட்ட போயி நாடி புடிச்சி பாத்தாங்களா?"

வேல்விழி பின்னால் நின்ற சந்திரலேகாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் பார்த்த எந்தப் படத்திலும் யாரும் நாடி பிடித்துப் பார்த்ததில்லை.

"நீங்களே தெரியாம சொல்லிக்கினு கீறீங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள் சின்னப்பொண்ணு.

அந்த வாரம் முழுக்க பூஜா பால் குடிக்கவில்லை. சாப்பாடு சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள், பால் மட்டும் ஜன்னலில் ஆடை கட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை சின்னப்பொண்ணு தோற்றுப்போன குரலில் சொன்னாள்: "வல்லக்கோட்ட முருகனயே கேட்டுடலாம். ஞாயித்துக்கெழம போயி பூ போட்டு பாக்குறேன். வெள்ள பூ வந்தா ஜாம்பி பேயில்ல. செவப்பு வந்தா பேயி. அதுக்கப்பறம் எவளும் பேசக் கூடாது."

பூஜா ஒப்புக்கொண்டாள்.

சனிக்கிழமை மாலை சின்னப்பொண்ணு நாள்காட்டியிலிருந்து கிழித்த இரண்டு தாள்களில் பூவை மடித்து, நூல் சுற்றி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் பால் சொசைட்டிக்குப் போனாள். சாமி படங்கள் இருந்தது பூஜாவின் கட்டிலுக்கு நேர் எதிரே. கையை நீட்டினால் எட்டாது. துணி காயப்போடும் கம்பை நீட்டினால் எட்டும்.

ஐந்து நிமிடத்தில் மாடிக்குப் போன் வந்தது.

"அக்கா, சீக்கிரம் கீழ வாங்க. ரெண்டு பேரும் வாங்க."

பூஜாவின் மடியில் இரண்டு பொட்டலங்களும் பிரிந்து கிடந்தன. ஒன்றில் செவ்வரளி. இன்னொன்றிலும் செவ்வரளி.

சந்திரலேகாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேல்விழி இரண்டு பூவையும் கையிலெடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"சாமிகிட்டயேவா?" என்றாள்.

"எங்க அத்தை சாமிக்கு வழி காட்டுறாங்க" என்றாள் பூஜா. "அக்கா, கொல்லப்பக்கம் நந்தியாவட்ட பூத்துக்கீது. ரெண்டு பறிச்சிக்கினு வாங்க."

"ரெண்டா? ஒண்ணு போதும். ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு. அதுதான நியாயம்?"

"அவங்க ரெண்டு செவப்பு வெச்சாங்க இல்ல? நாம ரெண்டு வெள்ள வெச்சாதான் நியாயம்."

வேல்விழி தயங்கினாள். வேலையில் எட்டு வருடமாக எதையும் பார்க்காமல் பாஸ் போட்டதில்லை. ஆனால் பூஜாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அது உயிரோடிருந்தது. போய்ப் பறித்துக்கொண்டு வந்தாள். சந்திரலேகா அதே மடிப்பில் மடித்து, அதே நூலை அதே சுற்றில் சுற்றினாள். கம்பு நுனியில் ஏறிப் பொட்டலங்கள் திரும்பவும் முருகன் காலடிக்குப் போய்ச் சேர்ந்தன.

ஞாயிறு காலை சின்னப்பொண்ணு துணைக்கு வேல்விழியை அழைத்துப்போனாள். கோயிலில் நல்ல கூட்டம். பொட்டலங்களைச் சந்நிதி முன்னால் வைத்து, தீபாராதனை முடிந்ததும், பக்கத்தில் அம்மா கையைப் பிடித்து நின்ற நிலா என்ற நாலு வயதுப் பிள்ளையை ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். பிள்ளை இரண்டையும் எடுக்கப் பார்த்தது. அம்மா அதட்டியதும் ஒன்றை விட்டது.

சின்னப்பொண்ணு நிதானமாகப் பிரித்தாள். என்ன வரும் என்று தெரிந்தவளுடைய நிதானம் அது. தாளுக்குள்ளிருந்து நந்தியாவட்டை வெளேரென்று எட்டிப் பார்த்தது.

மீதிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மரத்தடியில் போட்டுவிடுவதுதான் வழக்கம். அவள் அதை எடுத்துக்கொண்டு தூண் மறைவுக்குப் போனாள். வேல்விழி எட்டிப் பார்த்தாள். பிரித்த பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப்பொண்ணு அதிலிருந்த நந்தியாவட்டையையே பார்த்து நின்றிருந்தாள். பிறகு அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்க நேரமானது. ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தார்கள்.

"முருகன் சொல்லிட்டாரு. போட்டுக்கோங்க" என்று மட்டும் வீட்டில் சொன்னாள்.

பூஜா இரண்டு தம்ளர் பால் குடித்தாள். சந்திரலேகா தனக்குப் பிடித்த ஒரிஜினலையே போட்டாள். சுடுகாட்டில் மண் பிளந்து கைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சமையலறையில் சின்னப்பொண்ணு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமைதான் விஷயம் தெரிந்தது. வருகிற ஞாயிறு சின்னப்பொண்ணு செருப்பில்லாமல் வல்லக்கோட்டை வரை நடக்கப் போகிறாளாம். ஏதோ பிரார்த்தனை. போன வருஷம்தான் முழங்காலில் நீர் கோத்து ஊசி போட்டிருந்தாள். பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்ற மகனை ஒரே முறைப்பில் அடக்கிவிட்டாளாம்.

வேல்விழி பூஜாவின் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தாள்.

"சொல்லிரலாம் பூஜா. எனக்கு மனசே சரியில்ல."

"கொழந்த பொறந்ததும் சொல்லிக்கலாம்கா. இப்ப சொன்னா படம் போய்டும்."

"அவங்க முட்டி போயிருமே."

பூஜா விரலால் போர்வை நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "நீங்க கூட போங்கக்கா. முடியலன்னா ஆட்டோல ஏத்திக்கினு வந்துடுங்க" என்றாள்.

ஞாயிறு விடிந்ததும் சின்னப்பொண்ணுவும் வேல்விழியும் கிளம்பினார்கள். கையில் ஒரு பாட்டில் தண்ணீர், தேங்காய், பூ. ஒரகடம் கூட்டுரோடு வரை சின்னப்பொண்ணு நன்றாகவே நடந்தாள். அதற்கப்புறம் வெயில் ஏறியது. கன்டெய்னர் லாரிகள் கடக்கும்போதெல்லாம் மண்ணும் புகையும் முகத்தில் அடித்தன. வலது காலை இழுக்க ஆரம்பித்தாள். ஒரு கார் கம்பெனி மதிலை ஒட்டிய சிறுபாலத்தில் கடைசியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆட்டோ பாக்கட்டுமாம்மா?"

"வேணாம்." தண்ணீரைக் குடித்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் வேலு. மனசுல வெச்சிக்க முடியல. அன்னிக்கி ரெண்டு பொட்டலத்துலயும் நான் செவப்புதான் வெச்சேன்."

வேல்விழி பாட்டிலை வாங்கி மூடினாள்.

"அவரு ரெண்டயும் வெள்ளயா மாத்திட்டாரு. தப்பு பண்ணி சாமிகிட்டயே மாட்டிக்கினேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பொறக்கப் போற கொழந்தய ஒண்ணும் பண்ணிடாதப்பான்னு கேக்கத்தான் நடக்குறேன்."

அதைக் கேட்ட பிறகு வேல்விழியால் அடக்க முடியவில்லை.

"சாமி மாத்தலம்மா. நாங்கதான் மாத்துனோம்."

சின்னப்பொண்ணு திரும்பிப் பார்த்தாள். ஒரு லாரி போயிற்று. இன்னொரு லாரி போயிற்று.

"பொட்டலத்த யாரு எடுத்தது?"

"பூஜா."

"எயிந்து நடந்தாளா?" சின்னப்பொண்ணு பதறி வேல்விழியின் கையைப் பிடித்தாள். "கொல்லப்பக்கம் போனாளா? படில எறங்கினாளா?"

"இல்லம்மா, சத்தியமா இல்ல. துணிக் கம்பால தள்ளி எடுத்தா. பூ பறிச்சது நான்தான்."

பிடி தளர்ந்தது. சின்னப்பொண்ணு பெரிதாக மூச்சுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று வேல்விழி குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கம்பாலயா? பாவி. லைன்ல வேல செஞ்ச கையில்ல அது." பிறகு முகம் மாறியது. "நான் ரெண்டு செவப்பு, நீங்க ரெண்டு வெள்ள. அப்ப முருகன் எதுவுமே சொல்லல."

"இல்லம்மா."

"ஒரு வாரமா சோறு எறங்கல எனக்கு."

"மன்னிச்சிருங்கம்மா. இனிமே நடக்க வேண்டாம். ஆட்டோல வீட்டுக்குப் போயிரலாம்."

"இன்னாத்துக்கு?" சின்னப்பொண்ணு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் சொன்ன பொய்க்கி நான் நடக்குறேன். நீ சொன்ன பொய்க்கி நீ நட. கழட்றி செருப்ப."

வேல்விழி கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நாலடி வைப்பதற்குள் தார் சுட்டது. ஓரத்து மண்ணில் நடந்தால் ஜல்லி குத்தியது. சின்னப்பொண்ணு அவள் தோளில் கைபோட்டுக்கொண்டு, வலியை மறப்பதற்காகவோ என்னவோ, ஜாம்பியைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். கடித்தால் எவ்வளவு நேரத்தில் வரும், கடித்த கையை உடனே வெட்டிவிட்டால் தப்பிக்கலாமா, கைக்குழந்தையைக் கடிக்குமா. கடைசிக் கேள்விக்கு மட்டும் வேல்விழி பொய் சொன்னாள். அதற்கும் சேர்த்துத்தான் நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

சந்நிதியில் சின்னப்பொண்ணு ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வந்து மண்டபத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, வேல்விழியின் போனை வாங்கிப் பூஜாவைக் கூப்பிட்டாள்.

"பூஜா, எல்லாம் தெரிஞ்சிப் போச்சி. வாய தொறக்காத, கேளு. இனிமே சாமிய கேக்குறதில்ல. நானே சொல்றேன். கடிச்சி வந்துதுன்னா வியாதி, பாக்கலாம். செத்து எழுந்துதுன்னா பேயி. அது கொழந்த பொறந்தப்பறம். புரிஞ்சிதா?"

மறுமுனையில் பூஜா அழுகையும் சிரிப்புமாக மன்னிப்புக் கேட்டது வேல்விழிக்கும் கேட்டது. சின்னப்பொண்ணு "சரி சரி, பால குடி" என்று போனை வைக்கப் போனாள்.

"அத்தை, இருங்க. இப்ப சந்திராக்காவும் நானும் ஒண்ணு பாத்துக்கினு இருக்கோம். இதுல ஒருத்தன கடிச்சிட்டுது. ஆஸ்பத்திரில டாக்டர் நாடி புடிச்சி பாத்தாரு. செத்துட்டான்னு எழுதிக் குடுத்துட்டாரு. பெட்ஷீட்ட மூடிட்டாங்க. ஆனா வெரல் ஆடுது. இது வியாதியா, பேயா?"

பின்னாலிருந்து சந்திரலேகா, "பேய்தாம்மா! டாக்டரே சொல்லியாச்சு!" என்று கத்தினாள்.

"டாக்டரு அவசரத்துல சரியா பாக்காம எழுதியிருந்தா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"அதான் அத்தை நானும் சொல்றேன்!"

சின்னப்பொண்ணு கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு முடிவுக்கு வந்தவளாகப் போனை வாயருகே கொண்டுபோனாள்.

"படத்த அப்டியே நிறுத்து. யாரும் தொடாதீங்க. நான் வந்து பாத்துட்டு சொல்றேன்."

வேல்விழி குதிகாலில் ஒட்டியிருந்த ஜல்லியைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டுவதற்குள், வலது காலை இழுத்துக்கொண்டே சின்னப்பொண்ணு கோயில் வாசல்வரை போய், ஷேர் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.